விடைபெறும் சொல்லுக்கு ஒரு மாலை: நாகர்கோவிலில் நடக்கும் ஆங்கிலப் பேச்சு வகுப்பு, ஒரு மதிப்புரை

நாகர்கோவில் வடசேரியில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஒரு வீட்டின் மாடியில் மாலைநேர ஆங்கிலப் பேச்சு வகுப்பு ஒன்று நடந்து வருகிறது. அதை நடத்துபவர், பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். தம் பெயரையும் வகுப்பின் பெயரையும் எங்கும் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்க்கிறேன். பயிற்சிக் காலம் மூன்று மாதம். வாரத்தில் மூன்று மாலைகள். கட்டணம் 4,500 ரூபாய், அதையும் இரண்டு தவணையாகக் கட்டலாம். வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் செவிலியர், கப்பல் வேலைக்குப் போகவிருக்கும் இளைஞர், கன்னியாகுமரிக் கடற்கரையில் கடை வைத்திருப்பவர், என்னைப் போலத் தங்கும் விடுதிகளின் வரவேற்பு மேசையில் நிற்பவர் என்று பலதரப்பட்டவர்கள் அங்கே படிக்கிறார்கள். நம் மாவட்டத்தில் ஆங்கிலப் பேச்சு வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை என்றாலும், இந்த வகுப்பைப் பற்றி விரிவாக எழுத எனக்குக் காரணம் இருக்கிறது.

பெரும்பாலான வகுப்புகள் வினைச்சொல்லின் காலங்களில் தொடங்கி, அங்கேயே நின்றுவிடுகின்றன. இங்கே பாடத்திட்டம் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் செய்யும் செயல்களை வைத்து அமைந்திருக்கிறது. வரவேற்பது, மறுப்பது, மன்னிப்புக் கேட்பது, கெட்ட செய்தியைச் சொல்வது, விடைபெறுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலை உண்டு. அவற்றுள் விடைபெறும் பாடம்தான் மிகச் சிறந்தது என்பது என் கருத்து. 'குட்பை' என்ற ஒரு சொல்லில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது, பேசத் தொடங்கிய குழந்தைகூட 'பை' சொல்கிறதே என்று நினைப்பவர்களுக்காகவே அந்தப் பாடத்தை இங்கே சற்று நிறுத்தி விளக்குகிறேன்.

பாடம் ஒரு சிறு நடிப்பில் தொடங்கியது. குளச்சலைச் சேர்ந்த செவிலிப் பெண் ஒருவர், நோயாளியாக நாற்காலியில் அமர்ந்திருந்த இன்னொருவரிடம் பேசி முடித்துவிட்டு, 'ஓகே சார், ஐ வில் கோ அண்ட் கம்' என்று சொல்லிக் கிளம்பினார். பின்வரிசையில் யாரோ சிரிக்க முற்பட்டதை டீச்சர் ஒரு பார்வையாலேயே நிறுத்திவிட்டு, "வீட்டுல அம்மைட்ட எப்படிச் சொல்லிட்டு எறங்குவ மக்களே?" என்று கேட்டார். "போயிட்டு வாறேன்னு சொல்லுவேன் டீச்சர்" என்றார் அந்தப் பெண். "அதத்தான் அப்படியே சொல்லிருக்க. உன் மனசு செரியாத்தான் இருக்கு. ஆனா அந்த நோயாளி என்ன செய்வாரு தெரியுமா? நீ இப்ப திரும்பி வருவேன்னு கதவையே பாத்துட்டு இருப்பாரு" என்று டீச்சர் சொன்னபோது வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. வலியோடு படுத்திருக்கும் ஒருவர், வராத ஒருவருக்காகக் காத்திருப்பது எவ்வளவு பெரிய துன்பம் என்பது அங்கிருந்த செவிலியர் அனைவருக்கும் உடனே விளங்கியது.

இந்த இடத்திலிருந்துதான் டீச்சர் இரு மொழிகளின் வழக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தமிழில் 'போகிறேன்' என்று தனியாகச் சொல்லிக் கிளம்புவது அமங்கலம். திரும்பி வருவேன் என்ற உறுதியை விடைபெறும் சொல்லுக்குள்ளேயே வைத்துவிடுகிறோம். மேற்கே மலையாளத்திலும் 'போயிட்டு வராம்' என்பதே வழக்கம் என்பதால், திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த நம் ஊர்களில், எந்த மொழியில் பேசினாலும் மனம் அந்த வருகையைச் சொல்லியே பழகியிருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் திரும்பி வரும் செய்தி இல்லை. அதில் இருப்பது ஒரு வாழ்த்து. மேலும், நம் வழக்கில் கிளம்புபவர் 'போயிட்டு வாறேன்' என்பார். வீட்டில் இருப்பவர் 'போயிட்டு வாங்க' என்பார். இருவர் சொல்வதும் ஒன்றாக இருக்க முடியாது. ஆங்கிலத்தில் போகிறவரும் இருக்கிறவரும் அதே 'குட்பை'யைச் சொல்லிக்கொள்ளலாம். இந்த வேறுபாட்டை இத்தனை தெளிவாக யாரும் எனக்கு இதற்கு முன் எடுத்துச் சொன்னதில்லை.

சொல்லின் வரலாற்றை டீச்சர் கரும்பலகையில் படிப்படியாக எழுதினார். 'காட் பீ வித் யீ', அதாவது 'கடவுள் உங்களோடு இருப்பாராக' என்ற முழு வாழ்த்து, பேச்சில் தேய்ந்து தேய்ந்து 16ஆம் நூற்றாண்டிலேயே ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டது. கேப்ரியல் ஹார்வி என்ற ஆங்கிலேய அறிஞர் 1573ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்றில் அந்தச் சுருங்கிய வடிவம் காணப்படுகிறது. 'நீங்கள் அனுப்பிய ஒரு கேலன் விடைச்சொற்களுக்கு ஈடாக அரைக் கேலன் நலவிசாரிப்புகளைத் திருப்பித் தருகிறேன்' என்ற பொருளில் அவர் அதை எழுதியிருக்கிறார். அக்காலத்து வடிவத்தில் முன்பாதி 'காட்' என்றே இருந்தது. 'குட் டே', 'குட் ஈவினிங்', 'குட் நைட்' முதலிய வாழ்த்துகளோடு பழகிய நாவு நாளடைவில் அதையும் 'குட்' என்று மாற்றிக்கொண்டது. அச்சொல்லின் கடைசியில் நிற்கும் 'ஒய்', 'ஈ' என்ற இரண்டு எழுத்துகள், 'யீ' என்ற பழைய முன்னிலைச் சொல்லின் எச்சம். பிற்காலத்தில் 'குட்' என்பதையும் விட்டுவிட்டு 'பை' என்று மட்டும் சொல்லத் தொடங்கியபோது, கடவுளும் போய், நன்மையும் போய், 'உங்களோடு இருக்கட்டும்' என்ற பகுதி மட்டுமே நம் வாயில் தங்கியிருக்கிறது.

இந்த விளக்கம் வேறு ஊரில் எப்படிப் போய்ச் சேருமோ தெரியாது. மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப்பேர் கிறிஸ்தவர்களாக உள்ள நம் மாவட்டத்தில் அது மிக எளிதாகப் போய்ச் சேர்ந்தது. முட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவி, "கோயில்ல சாமியார் 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக'ன்னு சொல்வாரே, அதுவா டீச்சர்?" என்று கேட்டார். அதே வாழ்த்துத்தான் என்று டீச்சர் சொல்லிவிட்டு, பிரெஞ்சு மொழியின் 'அடியூ', ஸ்பானிய மொழியின் 'அடியோஸ்', போர்த்துகீசிய மொழியின் 'அடேயுஷ்' ஆகியவையும் கடவுளிடம் ஒப்படைக்கும் சொற்களே என்பதைச் சேர்த்துச் சொன்னார். புனித சவேரியாரின் காலத்தில் போர்த்துகீசியர் வந்துபோன கடற்கரை நம்முடையது. அந்தச் சொல் அன்றைக்கு நம் கரையிலும் ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு. தக்கலையைச் சேர்ந்த ஓர் இஸ்லாமிய இளைஞர், 'குதா ஹாபிஸ்' என்பதற்கும் 'இறைவன் காப்பானாக' என்பதே பொருள் என்று எடுத்துச் சொல்ல, வகுப்பு சற்று நேரம் பாடப்புத்தகத்தை விட்டு வெளியே போய்வந்தது. அதை டீச்சர் தடுக்காமல் விட்டதும் எனக்குப் பிடித்திருந்தது.

'விடை' என்ற நம் சொல்லையும் அவர் விடவில்லை. விடை என்றால் அனுமதி. விடைபெறுதல் என்பது, போவதற்கு உத்தரவு வாங்குதல். வயதில் மூத்தவர்கள் 'உத்தரவு வாங்கிக்கிறேன்' என்று கைகூப்புவதை நாம் கேட்டிருக்கிறோம். ஆங்கிலத்திலும் 'டேக் லீவ்' என்ற வழக்கு உண்டு. அங்கே 'லீவ்' என்பதற்கு அனுமதி என்றே பழைய பொருள். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் நாம் எழுதிக் கொடுக்கும் லீவ் லெட்டரில் இருப்பதும் அந்த அனுமதிதான். கிளம்பிப் போதலைக் குறிக்கும் வினைச்சொல் ஒலியால் ஒன்றுபட்டாலும் பிறப்பால் வேறானது.

வரலாற்றுக்குக் கொடுத்த நேரத்தைவிடப் பயன்பாட்டுக்குக் கொடுத்த நேரமே அதிகம். அதுதான் கட்டணத்துக்குரிய பகுதி. முதலில் 'குட்பை', 'பை', 'பை பை' ஆகிய மூன்றுக்கும் உள்ள இடைவெளி. 'குட்பை' சற்று விறைப்பானது. முறையான தொலைபேசி உரையாடலிலும், நேர்முகத் தேர்வின் முடிவிலும், நெடுநாள் பிரிவிலும் பொருந்தும். 'பை' அன்றாடத்துக்கு. 'பை பை' குழந்தைகளிடமும் மிக நெருங்கியவர்களிடமும் சொல்வது. ஆங்கிலேயத் தாய்மார்கள் குழந்தையைத் தூங்கவைக்கப் பாடிய தாலாட்டு ஒலியோடு அதற்குத் தொடர்பு உண்டு. நாம் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டி 'டாட்டா சொல்லு' என்கிறோமே, அந்த 'டாட்டா'வும் ஆங்கிலேயர் குழந்தைப் பேச்சிலிருந்து வந்ததுதான். பெயர்பெற்ற தொழில் நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'ஃபேர்வெல்' என்பதை இன்று யாரும் வாசலில் நின்று சொல்வதில்லை. அது விழா அழைப்பிதழில் வாழும் சொல். ஆனால் அதன் முதல் பாதியும், பேருந்தில் நாம் கொடுக்கும் கட்டணத்தைக் குறிக்கும் 'ஃபேர்' என்ற சொல்லும் பயணம் என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை என்று தெரிந்தபோது, 'நன்றாகப் பயணம் செய்' என்ற அதன் பொருள் மறக்க முடியாததாகிவிட்டது.

நம்மவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்களுக்கு அவர் தனி நேரம் ஒதுக்கியிருந்தார். 'அங்கிளுக்கு பை சொல்லு' என்பதை 'டெல் பை டு அங்கிள்' என்று வீடுதோறும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அங்கே வரவேண்டியது 'சே'. வாட்ஸ்அப் செய்தியை முடிக்கும்போது 'ஓகே பை' என்பதில் கடைசி 'ஈ' எழுத்தை விட்டுவிட்டால் அது 'ஆல்', 'மூலம்' என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும். அதே ஒலியில் வாங்குவதைக் குறிக்கும் மூன்றாவது சொல்லும் இருக்கிறது. கிரிக்கெட்டில் மட்டையில் படாமல் ஓடி எடுக்கும் 'பை' ஓட்டத்தையும், போட்டி அட்டவணையில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் 'பை'யையும் விடைச்சொல்லைப் போலவே எழுதினாலும் அவற்றின் பிறப்பு வேறு.

'குட் நைட்' பற்றிய பகுதி என் தொழிலுக்கு நேரடியாகப் பயன்பட்டது. கன்னியாகுமரியில் இரவு பத்து மணிக்கு மேல் பெட்டிகளோடு வந்து இறங்கும் வெளிநாட்டுப் பயணிகளை 'குட் நைட் சார்' என்று வரவேற்பதை எத்தனையோ விடுதிகளில் கேட்கலாம். ஆங்கிலத்தில் 'குட் நைட்' என்பது பிரியும்போது மட்டும் சொல்லப்படுவது. களைத்து வந்த விருந்தினரிடம் முதல் சொல்லே வழியனுப்பும் சொல்லாகப் போனால் அவர் திகைக்கத்தான் செய்வார். எவ்வளவு நேரமானாலும் வரவேற்புக்கு 'குட் ஈவினிங்'தான் உரியது. அதேபோல, கடைக்காரர்கள் ரசீதில் அச்சடிக்கும் 'தேங்க் யூ, விசிட் அகெய்ன்' என்பது 'நன்றி, மீண்டும் வருக' என்ற நம் பணிவான தொடரின் நேர் மொழிபெயர்ப்பு. தமிழில் 'வருக' என்ற வியங்கோள் சுமந்துவரும் மரியாதை ஆங்கிலத்தின் வெறும் வினையடியில் இல்லாததால், அது கட்டளைபோல ஒலிக்கிறது. 'வீ ஹோப் டு சீ யூ அகெய்ன்' என்று எழுதும்படி டீச்சர் சொன்னார். எங்கள் விடுதியின் ரசீதிலும் இப்போது அப்படித்தான் அச்சாகிறது.

செவிலியருக்கான பகுதியில் அவர் காட்டிய அக்கறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்க்க விரும்பும் செவிலியர் முதலிய மருத்துவப் பணியாளர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் பேச்சுப் பகுதியில், நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பவருடன் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிடம் கொண்ட இரண்டு உரையாடல்கள் உண்டு. பலரும் உரையாடலைத் தொடங்கப் பயிற்சி எடுக்கிறார்களே தவிர, முடிக்கப் பயிற்சி எடுப்பதில்லை. வேலை நேரம் முடிந்து போகும்போது 'குட்பை' என்று மட்டும் சொல்வதைவிட, 'சீ யூ டுமாரோ' என்றோ, அடுத்து எந்தச் செவிலி வருவார் என்றோ சொல்வது நோயாளிக்கு ஆறுதல் தரும். குணமாகி வீடு திரும்புபவரிடம் 'சீ யூ அகெய்ன்' என்று சொல்லக் கூடாது. 'டேக் கேர்' போதும். நம் ஊர் ஆஸ்பத்திரியிலும் யாரும் நோயாளியிடம் 'திரும்ப வாங்க' என்று சொல்லி அனுப்புவதில்லை அல்லவா என்று டீச்சர் கேட்டபோது, பணியிலிருக்கும் செவிலியர் எல்லாரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். 'டேக் கேர்' என்பதற்கு இணையாக அவர் சொன்ன நம் ஊர்த் தொடர் 'பையப் போயிட்டு வா'. அவசரப்படாமல், விழுந்துவிடாமல், நல்லபடியாகப் போ என்ற அக்கறை அனைத்தும் அந்தப் 'பைய'வில் அடங்கியிருப்பதை உணர்ந்தவர்களுக்கு ஆங்கிலத் தொடரின் கனிவு தானே விளங்கிவிடும்.

'குட்பை' என்ற அதே சொல் மிகக் கனமாக வரும் இடமும் உண்டு. வெளிநாட்டு மருத்துவமனையில் ஒரு குடும்பம் வந்து, 'வீ வுட் லைக் டு சே குட்பை' என்று செவிலியிடம் சொன்னால், அவர்கள் கிளம்பப் போகிறார்கள் என்று பொருளில்லை. இறந்துகொண்டிருப்பவரையோ இறந்துபோனவரையோ கடைசியாகப் பார்க்க அனுமதி கேட்கிறார்கள். அந்த நேரத்தில் 'ஓகே, பை' என்று பதில் வந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். நம் வழக்கில் துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வாறேன்' என்று சொல்வதே கிடையாது. எதுவும் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம். மரணத்தின் முன்னால் நாம் விடைச்சொல்லை விலக்குகிறோம்; ஆங்கிலேயர் அங்கேதான் அதை முழுப்பொருளோடு சொல்கிறார்கள். இதைச் சொல்லிக்கொடுத்த அந்தச் சில நிமிடங்களுக்காகவே வெளிநாடு செல்லும் செவிலியர் இவ்வகுப்பில் சேரலாம் என்பேன்.

பிரிட்டனில் 'சீ யூ லேட்டர்' என்பது வாக்குறுதியன்று, மறுபடி பார்க்கும் எண்ணமே இல்லாதவரும் அதைச் சொல்வார் என்பதும், அங்கே 'சியர்ஸ்' என்பது நன்றிக்கும் விடைக்கும் ஒருசேரப் பயன்படும் என்பதும், அயர்லாந்தில் தொலைபேசியை வைக்கும்போது 'பை பை பை பை' என்று அடுக்கிக்கொண்டே போவது இயல்பு, அதைப் பொறுமையின்மை என்று எண்ணிவிடக் கூடாது என்பதும் பயனுள்ள குறிப்புகள். 'குட் டே' என்பதைக் கடுமையான குரலில் சொன்னால் 'இனிப் பேச்சில்லை, போகலாம்' என்றாகிவிடும் என்பதையும் நடித்துக் காட்டினார்.

இனி எனக்கு உடன்பாடில்லாத இடங்கள். முதலாவது, பேச்சில் 'குட்பை' என்ற முழுச்சொல்லைக் கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள், அது உறவை முறித்துக்கொண்டு போவதுபோல ஒலிக்கும் என்று டீச்சர் அழுத்திச் சொல்கிறார். இளம் தலைமுறையினர் தமக்குள் பேசும்போது அது உண்மையாக இருக்கலாம். ஆனால் வரவேற்பு மேசையில் நின்று பார்த்த அளவில், வயது முதிர்ந்த ஆங்கிலேயப் பயணிகள் அறையைக் காலிசெய்து சாவியைக் கொடுக்கும்போது 'குட்பை, அண்ட் தேங்க் யூ' என்றுதான் சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக 'பை' என்று மட்டும் சொன்னால் நம் பக்கம்தான் மரியாதை குறைகிறது. சிரித்த முகத்தோடும் ஏறி இறங்கும் குரலோடும் சொல்லப்படும் 'குட்பை'யில் எந்த முறிவும் இல்லை. யாரிடம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று வகுப்பின் தொடக்கத்தில் அவரே சொன்ன நெறி, இந்த ஓர் இடத்தில் மட்டும் விதியாக இறுகிவிட்டது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, தொலைபேசி. இன்றைக்கு நாம் ஆங்கிலத்தில் விடைபெறுவது நேரில் இருப்பதைவிடத் தொலைபேசியில்தான் அதிகம். அதற்கு வகுப்பில் கிடைத்த நேரமோ மிகக் குறைவு. உரையாடல் எப்படி முடிகிறது என்பது ஆய்வுக்குரிய பெரிய பொருள். 1973ஆம் ஆண்டிலேயே இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள், பேசிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று விடைச்சொல்லுக்குத் தாவுவதில்லை, 'வெல்', 'ஓகே', 'சோ' போன்ற சிறு சொற்களால் முதலில் ஒருவருக்கொருவர் வாய்ப்பளித்து, புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே முடிக்கிறார்கள் என்று விளக்கிக் காட்டியிருக்கிறார்கள். நாமும் அப்படித்தான் செய்கிறோம். "செரி", "வேற என்ன?", "வேற ஒண்ணும் இல்ல", "செரி, அப்ப வைக்கட்டா?", "வை வை" என்று படிப்படியாக இறங்கித்தான் தொலைபேசியை வைக்கிறோம். தமிழில் இத்தனை நயமாக முடிக்கத் தெரிந்தவர்கள் ஆங்கிலத்துக்கு மாறியதும், சொல்ல வந்த செய்தி முடிந்த நொடியிலேயே 'ஓகே பை' என்று துண்டித்துவிடுகிறார்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு அது முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியதுபோல் இருக்கும். அறை முன்பதிவுக்காக அழைப்பவரிடம் நாங்கள் நாள்தோறும் செய்ய வேண்டியதே இந்த இறங்குவரிசைதான் என்பதால், இதற்கென்று தனியாக ஒரு மாலை ஒதுக்குமாறு டீச்சரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த பிரிவிலிருந்து சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வகுப்பறை வசதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாடி அறை காற்றோட்டமானது. ஆனால் சாலைப் பக்கத்துச் சன்னல்களைத் திறந்தால் பேருந்துகளின் ஒலி உள்ளே வந்துவிடும் என்பதால், உச்சரிப்புப் பயிற்சி நடக்கும்போது அவற்றை மூடிவைக்க வேண்டியிருக்கிறது. முன்வரிசைகளில் இடம் பிடிப்பது நல்லது. கொடுக்கப்படும் குறிப்புகள் நகலெடுத்த தாள்கள். சில பக்கங்களில் எழுத்து மங்கியிருக்கிறது. வீட்டில் கேட்டுப் பழக ஒலிப்பதிவுகள் எதுவும் கிடையாது. குரலின் ஏற்ற இறக்கத்தில் பொருள் மாறும் இதுபோன்ற சொற்களுக்கு இது உண்மையான குறையே. டீச்சர் தம் குரலிலேயே கைபேசியில் பதிவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால்கூடப் போதும். அமெரிக்க வழக்கு மிகக் குறைவாகவே வருகிறது. அமெரிக்கா செல்லவிருப்பவர்கள் அதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இலக்கணத்தை அடியிலிருந்து கற்க விரும்புபவர்களுக்கு இவ்வகுப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பத்தியைப் பிழையின்றி எழுத இங்கே கற்றுத்தருவதில்லை. ஐஇஎல்டிஎஸ், ஓஇடி தேர்வுகளுக்கு மாதிரித் தேர்வுகளும் நடத்தப்படுவதில்லை. அவற்றுக்கு வேறு பயிற்சி எடுத்துக்கொண்டே இங்கும் வருபவர்கள்தான் அதிகம். ஓரளவு ஆங்கிலம் தெரிந்தும் மனிதர்கள் முன்னால் நின்று பேசத் தயங்குபவர்கள், குறிப்பாக மருத்துவமனையிலும் விடுதியிலும் கடையிலும் நாள்தோறும் அயலாரை வரவேற்று வழியனுப்பும் வேலையில் இருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். முதல் மாலை வகுப்பில் கட்டணம் எதுவுமின்றி அமர்ந்து பார்க்க அனுமதிக்கிறார்கள். வடசேரியிலிருந்து கடைசிப் பேருந்துகளைப் பிடிக்க வேண்டிய குளச்சல், கருங்கல் பகுதி மாணவிகளை டீச்சர் கால்மணி நேரம் முன்னதாகவே அனுப்பிவிடுகிறார். தொலைவிலிருந்து வருபவர்கள் சேரும்போதே அவரிடம் அதைச் சொல்லிவைப்பது நல்லது.